சட்டைப்பையில் இருந்த நோட்டு

தங்கச்சிக்கு,

மாப்பிள்ளையின் உடலை எடுத்த அன்று உன் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ பார்த்திருப்பாய்.

எங்கள் துணை மின்நிலையத்தைத் தனியாருக்கு விற்கக் கூடாதென்று, அவர் இறந்த அன்று காலைதான் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். கண்ணாடிக் கட்டிடங்களுக்கு ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போவதில்லை. தட்டுப்பாடு என்றால் உங்கள் தெருதான் இளிச்சவாய்த் தெரு. மந்திரி மட்டும் மின்சாரம் மிச்சம் என்று மார்தட்டுகிறார்.

உங்கள் லைனை நிறுத்துமுன், மூச்சு மெஷின் ஓடும் வீடுகளுக்கு நான் போன் செய்வேன். எந்த விதியிலும் இல்லாத, என் சொந்த வழக்கம். "சிலிண்டருக்கு மாத்திட்டேன், நிறுத்திக்கண்ணே" என்று நீ சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைப்பேன். அந்தத் தைரியத்தில்தானே அன்று அவரைத் தனியாக விட்டுக் கடைக்குப் போனாய்?

என் இடத்தில் உட்கார்ந்த ஒப்பந்தத் தொழிலாளிமேல் புகார் கொடுத்திருக்கிறாயாம். அவனுக்கு மேலிருந்து உத்தரவு வந்தது, நிறுத்தினான்.

அந்தப் பதினோரு வீட்டுப் போன் நம்பரும் என் சட்டைப்பை நோட்டில் இருந்தன. காலையில் கேட்டில் என்னிடம் அவன் கேட்டான்: "அண்ணே, உள்ள நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

"கருங்காலிக்கு என்னடா சொல்றது?" என்றேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

விற்கத் துடிப்பவர்கள் இதை வைத்துச் சங்கத்தையே ஊத்தி மூடுவார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். புகாரில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடு.

நோட்டை இதோடு வைத்திருக்கிறேன். முதல் நம்பர் உன்னுடையது.

அண்ணன்