இருபத்தாறுக்கு நாலு, இருபத்தேழுக்கு ஏழு

செப்டம்பர் 20

என் செல்ல நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நேற்று உன் அண்ணன் சமைத்தார், அடிபிடித்துவிட்டது. "செய்முறை சரிதானே, அதுக்கு மார்க் கிடையாதா?" என்று கேட்கிறார். என் வகுப்பறை வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது, பார்.

தேர்வுத் துறையில் திருத்தும் விதிகளை எழுதுகிறவள் நீ. அதனால் உன்னிடம் யோசனை கேட்கிறேன். காலாண்டுத் தேர்வில் ஒரு கணக்குக் கொடுத்தேன். சதுரங்கப் போட்டியில் இருபத்தேழு பேர். ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்றவர் வெளியே. ஒருவர் மட்டும் மிஞ்ச எத்தனை ஆட்டம்? எப்படி யோசித்தீர்கள் என்றும் எழுதச் சொன்னேன்.

முதல் ரேங்க்காரி '27 − 1 = 26' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். விடை சரிதான். எங்கள் வகுப்பு வாயாடியோ, 'ஓர் ஆட்டம் ஒருவரை வெளியே அனுப்புகிறது, அதனால் எத்தனை பேரோ அத்தனை ஆட்டம்' என்று எழுதி, இருபத்தேழில் போய் நின்றாள். எவ்வளவு அழகான யோசனை! அவளுக்குப் பத்துக்கு ஏழு போட்டேன், முதல் ரேங்க்காரிக்கு நாலு.

முதல் ரேங்க்காரியின் அப்பா வங்கி மேலாளர். தலைமையாசிரியரிடம் வந்து குதித்திருக்கிறார். "மார்க்கை மாத்துங்க டீச்சர். இல்லன்னா பத்தாம் வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்கிறார் தலைமையாசிரியர். நான் என்ன செய்ய?

உன் அண்ணி

செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணிக்கு,

மாற்றிவிடுங்கள். சொல்லவே கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். தப்பான விடைக்கு ஏழு மார்க் என்றால் எங்கள் அலுவலகத்தில் கை தட்டிச் சிரிப்பார்கள். ஒரு கணக்குக்காகப் பத்தாம் வகுப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். அண்ணன் உங்களைப் பிடிவாதக்காரி என்பது எனக்கும் தெரியும். தயவுசெய்து இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்கள்.

உங்கள் நாத்தனார்

அக்டோபர் 4

என் செல்லத்துக்கு,

கோபித்துக்கொள்ளாதே, மாற்றவில்லை. அந்த அப்பாவை வகுப்புக்கே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் மகளிடம், "ஏம்மா ஒண்ணைக் கழிச்சே?" என்று கேட்டேன்.

"டியூஷன்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க மிஸ்." அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

வாயாடியை எழுப்பி அவள் வழியைச் சொல்லச் சொன்னேன். பாதியிலேயே முதல் ரேங்க்காரி துள்ளி எழுந்தாள். "ஏய், ஜெயிச்சவ வெளியவே போக மாட்டாளே! அதுக்குத்தான் ஒண்ணைக் கழிக்கணும்!"

"அட ஆமாடி!" வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு எத்தனை மார்க் போடுவாய் நீ?

மணி அடித்தது, அந்த அப்பா கிளம்புவார் என்று பார்த்தால், "டீச்சர், ரெண்டு தடவை தோத்தாத்தான் வெளியேன்னு வெச்சா?" என்றார்! பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஐம்பத்திரண்டு என்று ஒரு கூட்டம், ஜெயித்தவரும் ஒரு தடவை தோற்றிருக்கலாமே, அப்போது ஐம்பத்துமூன்று என்று இன்னொரு கூட்டம். இரண்டும் சரிதான் என்று தெரிந்தபோது அடுத்த பாட ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஆனாலும் தலைமையாசிரியர் சொன்னதைச் செய்துவிட்டார். அடுத்த ஆண்டு எனக்கு ஆறாம் வகுப்பாம். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

உன் அண்ணி

அக்டோபர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்திலேயே படித்தேன். பக்கத்து மேஜைக்காரி, "என்ன, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றாள்.

நேற்று விதிகளைத் திருத்தும் கூட்டம். யோசித்த வழிக்குத் தனி மார்க் வேண்டும், விடை தவறினாலும் வேண்டும் என்று எழுந்து சொன்னேன். நினைத்தபடியே சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. உங்கள் வகுப்பில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒரு கேள்வியிலாவது சோதித்துப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். உங்களை நேரில் வந்து விளக்கச் சொல்கிறார்கள்.

"யாருங்க அந்த டீச்சர்? எந்தப் பெரிய பள்ளிக்கூடம்?" என்று தலைவர் கேட்டார்.

"எங்க அண்ணி" என்றேன்.

உங்கள் நாத்தனார்