எச்சில் படாத தண்ணீர்

சித்திரை 14, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுடுகிறது. பஞ்சாயத்து மோட்டார் எரிந்துவிட்டது. புதுக் காயில் சுற்றக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். எப்போது வரும், யாருக்கும் தெரியாது. அணை கூப்பிடு தூரத்தில். குழாயில் வெறும் காற்று.

இருப்பு: ஒரு டிரம் நிறைய, இன்னொன்றில் பாதி. குடிக்க மூன்று குடம்.

பிளாஸ்டிக் டப்பில் நின்று குளியல், அந்தத் தண்ணீர் கக்கூசுக்கு. அரிசி களைந்தது மாட்டுக்கு. பாத்திரம் சாம்பல் போட்டுத் தேய்த்து ஒரே அலசல். மாமனார் துணியில்தான் மிச்சம் பிடிக்க வழியில்லை. தை மாதம் கரும்பு லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எல்லாம் படுக்கையில்தான். ஒரு நாளைக்கு நாலைந்து துணி.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அக்கா வேலியோரம் வந்தாள். "எப்டிடி சுமதி சமாளிக்கிற?"

"எங்கக்கா? பாதி தண்ணி அவரு துணிக்கே பூடுது. குடிக்கிறாரு, ஒண்ணுக்குப் போய்க்கினே இருக்காரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

ரேஷனில் பருப்பு இல்லை. நாளை கேட்க வேண்டும்.

சித்திரை 16, செவ்வாய்

தண்ணீர் லாரி. தள்ளுமுள்ளு. கண்ணம்மா அக்கா குடம் உடைந்து ஒரே அழுகை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, செருப்பு வார் போச்சு. "ஒரு வூட்டுக்கு மூணு கொடந்தான்!" என்று டிரைவர் கத்திக்கினே இருந்தான்.

மாமாவுக்கு இன்று இரண்டே துணி. நல்லது.

சித்திரை 18, வியாழன்

காற்றே இல்லை. மாடு கூட நிழலை விட்டு நகரவில்லை.

மாமாவுக்கு ஒரே துணிதான். ஆனால் மஞ்சள் திட்டு, நாற்றம் ஜாஸ்தி. உடம்புச் சூடாக இருக்கும். சோறு வேண்டாம் என்கிறார். "பசிக்கலம்மா." டம்ளர் ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் இருக்கிறது.

மிச்சமான தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். எவ்வளவு நாளாச்சு! என்ன சுகம்.

சித்திரை 20, சனி

எப்படி எழுதுவது.

காலையில் பெருக்கும்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பழைய எண்ணெய் கேனை நகர்த்தினேன். கனத்தது. மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர். கழுத்து வரைக்கும். நான் கொடுத்த டம்ளர் தண்ணீரையெல்லாம், நான் அந்தப் பக்கம் போனதும் கையை நீட்டி அதில் ஊற்றியிருக்கிறார்.

"இன்னா மாமா இது?"

உதடு வெடித்திருந்தது. நாக்கு ஒட்ட ஒட்டச் சொன்னார். "நல்ல தண்ணிதாம்மா. எச்சி படல. பானையில ஊத்திக்கோ."

வேலி ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான். நான் கண்ணம்மா அக்காவிடம் பேசின அன்று ஜன்னல் திறந்திருந்தது. கேட்டீங்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். இரண்டு மடக்கு. வாந்தி. மத்தியானம் காய்ச்சல். யாரையோ பார்த்து, "வாய்க்கால்ல தண்ணி வுட்டாங்களா? மடை தெறந்துக்கினு கெடக்குது, போய்ப் பாரு" என்கிறார். என் வீட்டுக்காரர் வேலையை விட்டு ஓடி வந்தார். ஆட்டோவில் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரி.

சித்திரை 22, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா. நோட்டைப் பையில் போட்டு வந்தது எதற்கென்று தெரியவில்லை.

டிரிப்ஸ் ஏறுகிறது. கிட்னி என்கிறார்கள். நர்ஸம்மா, "பெரியவரு தண்ணியே குடிக்கலியா? வூட்ல யாரு பாத்துக்கிறது?"

"நான்தாங்க."

சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.

கைகழுவும் இடத்தில் குழாய் திறந்தே கிடக்கிறது. மூடிவிட்டு வருவேன், யாராவது திறந்து போட்டுவிட்டுப் போவார்கள். மறுபடி எழுந்து போவேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். வேலியோரம் பேசினது, கேன், எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போனார். டீ வாங்கி வந்தார், எனக்கும் ஒன்று. என் முகத்தைப் பார்க்கவில்லை. டீயில் சர்க்கரை இல்லை.

சித்திரை 23, செவ்வாய்

மாமா கண் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"அன்னிக்கு வேலிகிட்ட மனசுல வெச்சிக்கினு சொல்லல மாமா."

மெல்லத் தலையை என் பக்கம் திருப்பினார். "நீ இன்னாம்மா பண்ணுவ. வெயிலு அப்டி."

ஸ்பூனால் உதட்டை நனைத்தேன். விழுங்கினாரா, ஓரத்தில் வழிந்ததா, தெரியவில்லை. முகம், கால் எல்லாம் வீக்கம். சிறுநீர்ப் பையில் ஒன்றும் இறங்கவில்லை.

மாட்டுக்குக் கண்ணம்மா அக்கா வைக்கோல் போடுகிறாளாம். போனில் சொன்னாள். கேன் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

சித்திரை 25, வியாழன்

நேற்று விடியும்போது மாமா போய்விட்டார். இவர்தான் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் துணி அலசப் போயிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். குளிப்பாட்ட வேண்டும். டிரம்மில் அடியில் கொஞ்சம்தான். யாரிடம் போய்க் கேட்பது என்று நின்றேன். கேட்கவில்லை. கண்ணம்மா அக்கா ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எதிர்வீடு. பிறகு தண்ணீர் லாரித் தள்ளுமுள்ளில் என் முடியைப் பிடித்து இழுத்தவள். வாசலில் குடம் குடமாக.

பெஞ்சில் கிடத்தி, மாமா தலையில் இவர் ஊற்ற ஆரம்பித்தார். பங்காளி ஒருத்தர் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில், "போதும்ப்பா, போதும்" என்றார்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "ஊத்துங்க. எல்லாத்தியும் ஊத்துங்க."

ஊற்றினோம். தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது.