இரண்டு ஜேசுராஜ், ஒரு சுண்டுவிரல்

பிப்ரவரி 4, 2025

பன்னிரண்டாம் வார ஸ்கேன். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் நீர் கொஞ்சம் அதிகமாம். "பயப்படாதீங்க" என்றார்கள். அதற்கு அப்புறம்தான் பயமே வந்தது.

பிப்ரவரி 6

வானகரம் ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் எவாஞ்சலின் மேடம். வம்சாவளி வரையப் பெரிய தாளை விரித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். முதல் கேள்வியே, "சொந்தத்துல கல்யாணமா?"

நானும் என் புருஷன் ரிச்சர்டும் வாயைத் திறக்கும் முன் என் மாமியார் சகாயமேரி — அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, எனக்குச் சொந்த அத்தை! — "சொந்தமே கெடியாது மேடம்" என்றாள். ஆறு வருஷம் முன்னால் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது சொன்ன அதே பொய். சொந்தத்தில் கட்ட ஆயரிடம் அனுமதி வாங்க அலைய வேண்டாமென்று சொன்னது. இப்போது உண்மையைச் சொன்னால் ஃபாதர் காதுக்குப் போய்விடுமாம்.

கூட வந்திருந்த அப்பாவை "சம்பந்தி" என்று கூப்பிட்டாள். அப்பா திரும்பி, பின்னால் யார் என்று பார்த்தார்.

பிப்ரவரி 7

பொய்த் தாளை வைத்து என் பிள்ளைக்கு என்ன வைத்தியம் பார்ப்பார்கள்? நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

பிப்ரவரி 13

மறுபடி ஆலோசனை. ரிச்சர்டின் அம்மாவைப் பெற்ற தாத்தா? ஜேசுராஜ். என் அப்பாவைப் பெற்றவர்? அப்பா முழித்துவிட்டு, "ஜேசுராஜ்." இருவருக்கும் சென்னைப் பாடியில் ஃபேக்டரி வேலை.

"உடம்புல ஏதாவது குறை?"

"எங்க நைனாவுக்கு எடது கை சுண்டுவெரல் கெடியாது," என்றாள் அத்தை.

"எங்க நைனாவுக்கும்," என்றார் அப்பா, பழக்கதோஷத்தில்.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு குடும்பத்திலும் அதே விரல்! பரம்பரைக் கோளாறோ என்று குழந்தையின் விரல்களுக்குத் தனி ஸ்கேன் எழுத ஆரம்பித்தார்.

என்னால முடியல. "ஒரே தாத்தா மேடம்! ஒரே வெரல்! ஃபேக்டரி லேத்துல போச்சு!" கத்திட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மேடம் புதுத் தாள் எடுத்தார். சொந்தம் என்றால் கூடுதல் சோதனைகள் வேண்டுமாம். பனிக்குட நீரை எடுக்கலாம், முடிவு உங்களுடையது என்றார். எடுங்க என்றேன். அத்தை என்னோடு பேசவில்லை.

மார்ச் 5

வயிற்றில் ஊசி எனக்கு. மயங்கி விழுந்தது ரிச்சர்ட்.

மார்ச் 26

மரபணுவில் குறை எதுவும் இல்லை! கறி தொடாத தவக்காலத்தையும் மறந்து அத்தை கோழிக்குழம்பு வைத்தாள்.

ஏப்ரல் 10

ஐந்தாம் மாத ஸ்கேன். குழந்தையின் இதயத்தில் ஓட்டை. பிறந்த பிறகு ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்கிறார்கள். பெற்றுக்கொள்ளப் போகிறோம். பயமா இருக்கு.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசை முடிந்ததும் அத்தை கையில் குருத்தோலையோடு நேராக ஃபாதரின் அறைக்குப் போனாள். "என் பேரப்புள்ளைக்கு நெஞ்சுல ஓட்டை ஃபாதர், வேண்டிக்கங்க. இவ என் அண்ணன் பொண்ணு. அன்னிக்குப் பொய் சொல்ட்டேன்."

ஃபாதர் மேஜையிலிருந்து, ஆயரிடம் அனுமதி கேட்கும் தாள் ஒன்றை எடுத்தார். "ரெண்டு பக்கமும் தாத்தா பேர் சொல்லுங்க."

"ஒரே ஜேசுராஜ்தான் ஃபாதர்," என்றாள் அத்தை. "வெரல் லேத்துல போச்சு."