கல்லில் ஏறிய பெயர்

பினாங்கு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

குழந்தைக்கு மெலிண்டா என்று ஆங்கிலப் பெயர் வைத்தாய். சரி, அது உன் விருப்பம். அதே ஓசை வர வேண்டும் என்று சீனப் பெயரை மெய் லின் என்று முடிவு செய்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளின் பெயருக்கும் பொதுவாக ஓர் எழுத்து உண்டு; இந்தத் தலைமுறைக்கு உரியது வெய். உன் மகனுக்கு வெய் ஹான் என்று வைத்தாய். அவன் தங்கைக்கு மட்டும் அந்த எழுத்து எங்கே போயிற்று?

தொலைபேசியில் கேட்டால், "பொண்ணுதானேம்மா, நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவ. கேக்க அழகா இருந்தாப் போதாதா?" என்கிறாய். இதையே என் அப்பா சொல்லியும் கேட்டிருக்கிறேன். அவர் கல்லறைக் கல்லில் பிள்ளைகளின் பெயர்களைச் செதுக்கியபோது, என் தம்பிகள் நால்வரின் பெயரும் ஒரே எழுத்தோடு வரிசையாக ஏறின. என் பெயர் கடைசியில், அந்த எழுத்து இல்லாமல், யார் வீட்டுப் பெண்ணோ போல. முன்னோரை வணங்கும் ஒவ்வொரு சிங் மிங் நாளிலும் அந்தக் கல்லைக் கழுவிப் பூ வைப்பவள் நான்தான்.

நேற்று உன் அப்பாவின் கல்லறையில் பேரப்பிள்ளைகளின் பெயரைச் செதுக்க ஆ ஹாக் வந்தான்.

"ஆன்ட்டி, பொண்ணு பேரையும் போட்டா இடம் பத்தாதே," என்றான்.

"இடத்தை நான் பாத்துக்கறேன். நீ உளிய எடு."

வெய் ஹான், பக்கத்தில் வெய் லின். இரண்டும் ஒரே அளவு. அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

கருங்கல்லை இனி அழிக்க முடியாது. பிறப்புப் பதிவுத் தாளை நீ இன்னும் கொடுக்கவில்லை என்று உன் மனைவி சொன்னாள். கல்லில் உள்ளபடி எழுதிக் கொடு.

உன் அம்மா