சம்மந்தி வீட்டுக் கப்பல் காசுகள்

மே 9, வெள்ளி
கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மணல். பேத்தி ஸஹ்ராவுக்கென்று வட்டிலப்பம் அவித்தேன். வரவில்லை. இது மூன்றாவது வெள்ளி. மகன் கலியாணம் முடித்துப் போனது மாமியார் வீட்டுக்கு, பிள்ளை வளர்வதும் அங்கேதான். எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும். அதுவும் போச்சு.
எல்லாம் அந்தக் காசுகளால். சம்மந்தியின் தம்பி லண்டனிலிருந்து அனுப்பியது. செலவழிக்கிற காசில்லை, சேர்த்து வைக்கிற வெள்ளிக் காசு, ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கடற்சண்டையாம், பிள்ளை அதைவிட்டு அசைகிறாளில்லையாம்.

மே 10, சனி
வாங்க: வெற்றிலை, தேசிக்காய், முழங்கால் எண்ணெய்.
சம்மந்தி வீட்டுக்குப் போகக்கூடாது என்றிருந்தேன். போனேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, தொழுகிற கிப்லாப் பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறாள். பாய்க்கப்பல், நெருப்பு, கடலில் விழுகிற மனிதர்கள். ஸஹ்ரா அதன் கீழே. ஸலாம் சொன்னாள், அவ்வளவுதான். நல்ல வடிவான காசுகள். அதுதான் கூடுதலாக எரிந்தது.
"மச்சி, உருவம் தொங்குற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க" என்றேன்.
"உங்கட மடியில இரிக்கிற ரூபாத் தாள்லயும் ஆட்டக்காரன் நிக்கான்."
"அத நாம செவத்துல மாட்டல்லயே."
சம்மந்தியின் முகம் விழுந்துபோச்சு. மார்க்கம் பேசினேனா, வயிற்றெரிச்சலா? அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மே 12
மகன் போன் எடுத்தான். மாமி சட்டத்தைக் கழற்றிவிட்டாவாம். ஸஹ்ரா அழுதாளாம்.

மே 13
அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஆட்டோ. சம்மந்தி, கையில் காசுப் பெட்டி. அவளுடைய மற்ற மகளின் சின்னப் பையன் எல்லாவற்றையும் இழுத்துப் போடுகிறானாம்.
"உங்கட அலுமாரில கிடக்கட்டும் மச்சி. புள்ள இஞ்ச வந்து பாக்கட்டும்."
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன், அவள் அப்படியே குடித்து முடித்தாள்.

மே 16, வெள்ளி
ஸஹ்ரா வந்தாள். சம்மந்தியும் கூடவே.
கட்டிலில் காசுகளைப் பரப்பி, இது எந்தச் சண்டை என்று ஸஹ்ரா கேட்டாள். நான் கப்பல் என்றேன்.
"லெபாண்டோ. துருக்கிக்காரங்க தோத்தது" என்றாள் சம்மந்தி, பெட்டிக் கடதாசியைப் பார்க்காமலே. பிள்ளை சிரித்து அவள் தோளில் சாய்ந்தாள். சம்மந்தி படித்தது நாலாம் வகுப்பு. நான் ஐந்து.
அவர்கள் போனபின், அவள் சொன்ன பெயர்களை எழுதிப் பார்த்தேன். சலாமிஸ். லெபாண்டோ. டிரபல்கர். மிட்வே.
ஐந்தாவது மறந்துபோச்சு. பெட்டிக் கடதாசி இங்கிலீசில். அவளிடம் கேட்கமாட்டேன்.