ஓரத் திரைக்குள் காசிம்

ஐப்பசி 6, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். சிறுமலை கண்ணுக்கே தெரியவில்லை. டிக்கெட் கவுண்டரில் பழனி போகிற கூட்டம். நடுவில் ஜப்பார் தலையை நீட்டினான். பூட்டுப் பட்டறையை விட்டு இந்நேரம் வருகிறவன் இல்லை. "காசிமண்ணே மௌத்தாயிட்டாரு. நேத்தே அடக்கிட்டாங்களாம்."

அதற்கப்புறம் யாருக்கு எந்த ஊர் டிக்கெட் கொடுத்தேனோ. பத்திரிகையில் ஒரு வரி வராது. என்னவென்று போடுவார்கள்? ராஜபார்ட் கனகசபைக்குப் பாடுகிற தொண்டை போன நாளிலிருந்து, அவர் மேடையில் வாயசைக்க, ஓரத் திரைக்குள் உட்கார்ந்து பாடியது காசிம். மெடலும் மாலையும் முன்னால் நின்றவருக்கு. ஒரு மழை நாளில் ஒதுங்க இடமில்லாமல் ஜப்பாரும் நானும் நாடகக் கொட்டகைப் பக்கவாட்டில் நுழைந்தோம். இல்லாவிட்டால் எங்களுக்கும் தெரிந்திருக்காது. பிறகு ராஜபார்ட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். நாடகம் முழுக்க ஓரத் திரையைப் பார்ப்போம். பைத்தியங்கள்.

ஐப்பசி 7, புதன்

பேகம்பூர் போனோம். காசிமின் மனைவிக்கு இத்தா காலம், வெளியே வரமாட்டார். மகள் ஜமீலா கதவோரம் நின்று பேசினாள். உங்கள் அத்தா போலப் பாட இந்த ஜில்லாவில் ஆளில்லை என்றேன். திரைக்குள் நடந்ததையும் சொன்னேன். நம்பவில்லை.

"அத்தா திரை இழுக்குற வேலதானே பாத்தாக? ஆறுதலுக்குச் சொல்றீக."

கோபமில்லாமல்தான் சொன்னாள். தொழில் ரகசியமென்று வீட்டில்கூட வாய் திறக்காமல் போயிருக்கிறார் மனுஷர். செத்தவர் மேலேயே எனக்கு எரிச்சல்.

இரவு சாப்பிடும்போது வெஞ்சனத்தைக் குறை சொன்னேன். கத்திரிக்காய் என்ன பாவம் பண்ணியது என்றாள் வீட்டுக்காரி.

ஐப்பசி 9, வெள்ளி

காசிமுக்கு இரங்கல் கூட்டம். கொட்டகை - நாளை மாலைக்குச் சரி. பெஞ்சு - ஜப்பார். ஆர்மோனியக்காரர் வருகிறார். ஜமீலாவை ஜப்பார் வீட்டம்மா கூட்டி வருவார். ராஜபார்ட்டை அழைப்பது - நான்.

ஆத்தூர் பஸ். ஒரே நெரிசல், ஈரக் கோணிச் சாக்கு வாடை. ராஜபார்ட் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். இன்னும் அதே மீசை. கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். அந்த ஓர் உண்மையை மட்டும் மேடையில் சொல்லுங்கள், நான் சொன்னால் அந்தப் பெண் நம்பமாட்டேன் என்கிறாள் என்றேன். தேங்காய் நாரைப் பார்த்துக்கொண்டே, "பாப்பம் அப்பு" என்றார்.

அது மாட்டேன் என்கிற பாப்பம். திரும்பி வரும்போது வழி முழுக்க அவரைத் திட்டினேன். மனசுக்குள்தான்.

ஐப்பசி 10, சனி

மழை விட்டது. நல்ல கூட்டம், எல்லாம் ராஜபார்ட்டைப் பார்க்க. பேசினார், பேசினார். தன் வேஷம், தன் மெடல். கடைசியில், காசிம் மாதிரி ஒழுங்கான ஆள் கிடையாது, திரை ஒரு நாளும் சிக்கியதில்லை என்று முடித்தார். பெண்கள் பக்கம் ஜமீலா தலையாட்டினாள். எனக்கு எழுந்து கத்திவிடலாம் போலிருந்தது. ஜப்பார் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

பின்வரிசையில் விசில். பாட்டு, பாட்டு என்று. எழவுக்கு வந்ததையே மறந்துவிட்டார்கள். ஆர்மோனியக்காரர் பழக்க தோஷத்தில் முருகன் பாட்டை எடுத்துவிட்டார். ராஜபார்ட்டும் பழக்க தோஷத்தில் எழுந்தார். துண்டைச் சரி செய்தார். வலது கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார்.

உதடு அசைகிறது. கை அசைகிறது. சத்தம் இல்லை. ஆர்மோனியம் மட்டும் தனியாக ஓர் அடி முழுக்கப் போனது. தூக்கிய கை தூக்கியபடி, அவர் ஓரத் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்பது போல. அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பின் ஜமீலா என்னிடம் வந்தாள். "அத்தா எந்தப் பக்கம் உக்காந்திருப்பாக?"

இடப் பக்கம். காட்டினேன்.