ரெஜினாக்காவின் நேர்த்தி

ஆவணி 18, செவ்வாய்

அரிப்புக் கிராமத்தில் ரெஜினாக்கா என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்தார். கட்டாரில் இருக்கிற மகனின் முகத்தைப் போனில் பார்க்கலாம் என்று சொல்லி, எங்கள் கம்பனி சிம்மை அவருக்கு விற்றவன் நான். மற்றக் கம்பனிகளுக்கு த்ரீஜி எப்போதோ வந்துவிட்டது. எங்களுக்கு மடு மாதா திருவிழாவுக்கு முன் வரும் என்றேன். திருவிழாவும் முடிந்துவிட்டது.

"நேர்த்தி வைச்சு மடுவுக்கு நடந்தும் போனனான், தம்பி. இன்னும் பிள்ளையின்ர முகம் வரேல்லை. என்ர நேர்த்தியிலதான் ஏதோ குறை."

அவர் காலில் கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை.

எங்கள் கம்பனி இந்த வருடம் த்ரீஜி கொடுக்கிற ஊர்களின் பட்டியலில் அரிப்பு இல்லை என்பது சிம் விற்ற அன்றே எனக்குத் தெரியும்.

"திரும்பவும் ஒருக்கா நடக்கட்டோ?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நடந்து பாருங்கோ அக்கா" என்று வந்தது.